நெடுந்தீவில் இரண்டு இரவு என்று போய் ஆறு இரவு இருந்த கதை

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் நெடுந்தீவுக்கு நான் போனது 2023 நவம்பரில், தீபாவளி முடிந்த கையோடு. சென்னைக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே 2022 டிசம்பரில் மீண்டும் விமானம் விடத் தொடங்கியதிலிருந்தே யாழ்ப்பாணம் போக வேண்டும் என்ற ஆசை இருந்தது. நகரத்து விடுதியில் தங்கிக் கோட்டையும் நூலகமும் பார்த்துத் திரும்புவதைக் காட்டிலும், தீவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் இரண்டு இரவு தங்குவது மேல் என்று எனக்குத் தோன்றியது. புதன்கிழமை காலையில் போய், வெள்ளிக்கிழமை காலையில் கரைக்குத் திரும்பி, அன்றிரவு யாழ்ப்பாணத்தில் படுத்து, சனிக்கிழமை விமானம் ஏறுவது என்று திட்டமிட்டேன். நடுவில் ஓர் இரவை வெறுமனே விட்டிருந்ததால் மிகவும் முன்யோசனையுள்ளவள் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கடைசியில் நான் கரை சேர்ந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. போவதற்கு முன் தேடிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தவையெல்லாம் அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளின் படங்களும், உள்ளே ஆள் நுழையக்கூடிய பெருக்க (பாவோபாப்) மரத்தின் படங்களும்தான். காற்று எழும்பினால் என்ன ஆகும் என்று எவரும் எழுதியிருக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு சென்னையிலேயே நடந்துவிட்டது. தங்குமிடத்தை ஓர் இடைத்தரகர் மூலமாக ஏற்பாடு செய்தேன். இரண்டு இரவுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து இந்திய ரூபாய் 12,000 கேட்டார்; முழுவதையும் முன்பணமாகவே அனுப்பினேன். அப்போதைய மாற்று விகிதத்தில் அது இலங்கை ரூபாயில் ஏறத்தாழ 47,000. அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது 9,000 மட்டுமே என்பது ஐந்தாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. கணக்கைத் தீர்க்க நான் வற்புறுத்திக் கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். இடைத்தரகர் தம் உழைப்புக்குக் கூலி எடுப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஐந்தில் நான்கு பங்கை எடுத்தது கூலி இல்லை. யாரிடம் பணம் கட்டினாலும், கட்டுவதற்கு முன் அந்த வீட்டாரோடு ஒருமுறை தொலைபேசியில் கதைக்க விடும்படி கேளுங்கள். அவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கதைக்க விட முடியாது என்று தரகர் சொன்னால் அதுவே போதுமான பதில். நான் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்தேன்.

வேலணை, புங்குடுதீவு ஆகிய தீவுகள் தாம்போதிகளால், அதாவது கடலுக்குக் குறுக்கே போட்ட சாலைகளால், யாழ்ப்பாணத்தோடு இணைந்துவிட்டவை, பேருந்திலேயே போய்விடலாம். அந்தப் பாதை புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகாட்டுவான் இறங்குதுறையில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் நெடுந்தீவுக்குக் கடலைத் தவிர வேறு வழி கிடையாது. அதே துறையிலிருந்துதான் நயினாதீவுப் படகுகளும் புறப்படுகின்றன. கோயிலுக்கும் விகாரைக்கும் போகிறவர்களின் நெரிசலில் நான் தவறான வரிசையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்துச் சரியான படகில் ஏற்றிவிட்டதால் தப்பினேன். படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போக வேண்டும். கீழ்த்தட்டில் அரிசி மூட்டை, சிமெந்துப் பை, கோழிக் கூடை இவற்றோடு உட்கார வேண்டியிருக்கும். டீசல் வாடையும் ஆட்டமும் சேர்ந்து என்னை உலுக்கி எடுத்துவிட்டன. குமட்டலுக்கான மாத்திரையைப் படகேறுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே விழுங்கிவிட வேண்டும். அலை தூக்கத் தொடங்கிய பின் விழுங்கினால் அதுவும் வெளியே வந்துவிடும். அந்தப் படகில் என்னென்ன ஏறின என்பதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். அந்தத் தீவின் கடைத்தட்டு முழுவதும் அந்தப் படகின் வயிற்றில்தான் போகிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான் தங்கிய வீட்டைச் சுற்றி முருகைக்கற்களை (பவளப்பாறைக் கற்களை) ஒன்றன்மேல் ஒன்றாகச் சாந்தே இல்லாமல் அடுக்கிய வேலி இருந்தது. படலையைத் திறந்தால் முற்றம், முற்றத்தின் ஓரத்தில் கிணறு, பின்னால் மாட்டுப் பட்டி, அதற்கப்பால் பனங்கூடல். ஐயா, அம்மா, ஐயாவின் வயதான தாயார் என்று மூன்று பேர். மகன் யாழ்ப்பாண நகரத்தில் வேலையாக இருந்தான். பதினொரு மாடுகள், முப்பதுக்கு மேல் ஆடுகள், மழையை மட்டும் நம்பி விதைத்த ஒரு சிறு வயல். முந்தைய ஆண்டு இலங்கையில் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்ற செய்திகளையெல்லாம் படித்திருந்த நான், பெரும் உபகாரம் செய்வதாக எண்ணிக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கடையில் இரண்டு பால்மாப் பொதிகளை வாங்கிப் போயிருந்தேன். பதினொரு மாடு கறக்கும் வீட்டில் அதைக் கொடுத்தபோது அம்மா சிரிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டதை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. கொண்டுபோவதானால் சீனி, தேயிலைத்தூள், மின்கல விளக்கு, தலைவலிக்கும் காய்ச்சலுக்குமான மாத்திரை, பலமான கயிறு போன்றவற்றைக் கொண்டு போங்கள். கயிற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நெடுந்தீவின் மின்சாரம் அப்போது டீசல் மின்னாக்கிகளிலிருந்து வந்தது. நாட்டின் பொது மின்கட்டமைப்போடு தீவுக்குத் தொடர்பில்லை. அந்த டீசலும் கடல் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே தொலைபேசிக்குத் தனியாக ஒரு பவர்பேங்க் அவசியம். என்னிடம் இருந்தது ஒன்று, அதை நான் முழுவதும் மின்னேற்றாமலேயே எடுத்துப் போயிருந்தேன். கழிப்பறை வீட்டுக்கு வெளியே பட்டிக்கு அருகில் இருந்தது. மழைக்காலத்தில் இரவு நேரத்தில் விளக்கில்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்காதே என்று முதல் நாளே பாட்டி சொன்னார்; பாம்பு என்ற சொல்லைச் சொல்லாமல் "நல்லதுகள் திரியும்" என்றார்.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் செய்த அறியாமையை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தீவு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. பெய்யும் மழைநீர் கல்லின் இடுக்குகளில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அவசரப்பட்டு நிறைய இறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் மேலேறிக் கிணறே உவராகிவிடும். வீட்டுக் கிணற்று நீர் குளிக்கவும் மாட்டுக்கும். குடிக்கும் நீரை ஐயா சற்றுத் தொலைவில் உள்ள நன்னீர்க் கிணற்றிலிருந்து சைக்கிளில் கலன்களைக் கட்டி எடுத்து வருவார். இது எதுவும் தெரியாமல், புதன்கிழமை மாலை நான் இருபது வாளிக்கு மேல் இறைத்துத் தலைக்கு ஊற்றிக் குளித்து, உடுத்திய துணியையும் துவைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பாட்டி ஐந்து வாளியில் முழுகி முடித்து, அந்த நீர் வாழைக்கு ஓடும்படி வாய்க்காலைக் காலால் திருப்பிவிட்டதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. போன முதல் மணி நேரத்திலேயே எந்தத் தண்ணீர் எதற்கு, எத்தனை வாளி என்று கேட்டுவிடுங்கள். விருந்தாளியிடம் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். அன்று காலை கூச்சத்தோடு அவசர அவசரமாக இறைத்ததில் கயிறு நைந்த இடத்தில் அறுந்து வாளி உள்ளே போய்விட்டது. ஐயா பக்கத்து வீட்டில் பாதாளக் கரண்டி வாங்கி வந்து ஒரு மணி நேரம் துழாவி எடுத்தார்.

இப்போது வியாழக்கிழமை மதியத்துக்கு வருகிறேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஐயா வானத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, வாடை எழும்பப் பாக்குது. வெளிக்கிடுறதெண்டால் இண்டைக்குப் பின்னேரமே வெளிக்கிடுங்கோ, நாளைக்குக் கடல் விடுமோ தெரியாது" என்றார். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். ஆனாலும் அதை நான் ஒரு கிராமத்துப் பெரியவரின் பேச்சுச் சுவையாகத்தான் கேட்டேன். வாடை, பின்னேரம், வெளிக்கிடுதல் என்று எவ்வளவு அழகான சொற்கள் என்று மனத்தில் குறித்துக்கொண்டு, புன்னகைத்துவிட்டு, லான்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திர வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு குதிரைகளைப் பார்க்கப் போய்விட்டேன். போர்த்துக்கேயர் கொண்டு வந்து, ஒல்லாந்தர் வளர்த்து, பிறகு கேட்பாரற்று விடப்பட்டவற்றின் வழிவந்தவை அக்குதிரைகள் என்று சொல்கிறார்கள். அவை அன்று திறந்த வெளியில் நிற்காமல் ஒதுங்கி நின்றன. படம் நன்றாக அமையவில்லையே என்று நான் சலித்துக்கொண்டேன். மாலைப் படகு நான் இல்லாமல் போயிற்று. வேற்று மொழி பேசும் ஊராக இருந்திருந்தால், ஐயா சொன்னதை யாரிடமாவது மொழிபெயர்க்கச் சொல்லிப் பொருளைப் பிடித்திருப்பேன். நம் மொழிதானே என்ற தைரியம்தான் என் காதை அடைத்தது.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே பனையோலைகளின் இரைச்சலில் விழித்துவிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனால், கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன. இன்று விடமாட்டார்கள் என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் இந்த வாடைக் காற்று ஒரு நாளில் அடங்கலாம், ஒரு வாரமும் நிற்கலாம். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை எதிர்த் திசையிலிருந்து சோளகம் அடிக்கும். அதிலும் கடல் கொந்தளிக்கும் நாட்கள் உண்டு. இதை முன்பே அறிந்திருந்தால், கார்த்திகையில் தீவுக்குப் போகிற எவரும் விமானத்துக்கு முன்னால் ஓர் இரவை அல்ல, குறைந்தது மூன்று பகல்களைக் காலியாக விட வேண்டும் என்பது விளங்கியிருக்கும். தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டுக்குக் கூடுதலாகக் கேட்ட தொகையை மிச்சம் பிடித்திருந்தேன். அதனால் திரும்பும் சீட்டுக்குக் கட்டிய 6,800 போயிற்று, புதுச் சீட்டுக்கு 9,450 ஆயிற்று, யாழ்ப்பாணத்தில் முன்பதிவு செய்த அறைக்குக் கட்டிய 3,500 திரும்பி வரவில்லை, அலுவலகத்தில் மூன்று நாள் சம்பளமும் பிடித்தார்கள்.

அன்று காலை நான் நடந்துகொண்ட விதத்தை மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் ஐயாவிடம், "நேத்தே கொஞ்சம் உறுதியா சொல்லியிருக்கலாமே ஐயா" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். அவர் சொல்லியிருந்தார் என்பது நான் பேசி முடிக்கும்போதே எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். விமானச் சீட்டுக்காகவா, அவமானத்துக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா கதவைத் தட்டவில்லை. வாசலில் புட்டையும் சொதியையும் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சொற்களும் தம் பங்குக்கு வஞ்சித்தன. படகு நிலவரம் கேட்பதற்காக யாழ்ப்பாணத்தில் இருந்த மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். பிறகு அம்மாவிடம், "இப்பதான் உங்க பையன்கிட்ட நல்லா பேசினேன்" என்றேன். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "ஏன் பிள்ளை, அவன் என்ன பிழை விட்டவன்?" என்றார். அங்கே பேசுவது என்றால் ஏசுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். காலையில் ஐயாவிடம் சிடுசிடுத்தவள் இப்போது மகனையும் திட்டிவிட்டு வந்து, அதையும் நன்றாகத் திட்டினேன் என்று வந்து சொல்கிறாள் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. விளங்கவைத்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வீட்டில் இறுக்கம் தளர்ந்தது. இன்னொரு முறை என் பேச்சு சிரிப்பில் முடியவில்லை. படகுகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, சிறுவயதில் கேள்விப்பட்ட பெயர் என்பதால், குமுதினிப் படகில் நடந்ததைப் பற்றி நான் கேட்டுவிட்டேன். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகில் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். ஐயா வேறு கதைக்கு மாறினார். சிறிய தீவு அது. செத்தவர்கள் யாரோ எவரோ அல்லர், யாருடைய வீட்டிலும் யாராவது இருப்பார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து கடைகள் வெறுமையாகத் தொடங்கின. முதலில் மரக்கறி தீர்ந்தது, பிறகு ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சீனி. அவர்களுக்கு இது பழக்கம். பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தோம், இரவில் ஒடியல் (காய வைத்த பனங்கிழங்கு) மாவில் கூழ் காய்ச்சினார்கள், பகலில் புழுக்கொடியலை, அதாவது அவித்துக் காய வைத்த பனங்கிழங்கை, தேங்காய்த் துண்டோடு மென்றோம். சுவையில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் மூன்று பேருக்கென்று சேர்த்து வைத்த பண்டத்தில் நான்காவது வாயாக நான் உட்கார்ந்திருக்கிறேன் என்ற எண்ணம் ஒவ்வொரு கவளத்தோடும் தொண்டையில் நின்றது. உதவி செய்கிறேன் என்று முதலில் மாடு கறக்கப் போய் உதை வாங்கப் பார்த்தேன். அது உதவியாக இல்லாமல் அவர்களுக்கு இன்னொரு வேலையாகத்தான் இருந்தது. என்ன செய்யட்டும் என்று பாட்டியிடம் கேட்ட பிறகு, விழுந்த காவோலைகளைப் பொறுக்கி அடுக்குவது, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுவது, குடிநீர்க் கிணற்றுக்கு ஐயாவோடு போய்க் கலன்களை நிரப்புவது என்று எனக்கு ஏற்ற வேலைகளை அவரே பிரித்துக் கொடுத்தார். வேலை கிடைத்த பிறகு நாள் நகர்ந்தது. தொலைபேசியை எடுத்துக் காற்றின் வேகத்தைப் பார்க்கும் பழக்கமும் குறைந்தது. பார்த்தாலும் பயனில்லை; மின்கலத்தின் உயிரை வீட்டுக்கு நாளுக்கு ஒரு செய்தி அனுப்புவதற்காகக் காத்து வைத்தேன். சென்னையில் என் தாயாருக்கு வெள்ளிக்கிழமை மதியம் யாழ்ப்பாணத்தில் இருப்பேன் என்று நேரத்தையும் குறித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அன்று மாலைக்குள் அவர் உறவினர் எட்டுப் பேரை அழைத்துவிட்டார். வீட்டாருக்கு ஒரு தேதியைச் சொல்லாமல், இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் இடையில் என்று சொல்லிவிட்டு வருவது அவர்களுக்கும் நல்லது.

கையில் பணம் 14,000 இலங்கை ரூபாய்தான் இருந்தது, அதுவும் பெரும்பாலும் ஐயாயிரம் தாள்களாக. தெருமுனைக் கடையில் அதை மாற்ற முடியவில்லை. தங்கவிருக்கும் நாட்களுக்கு ஆகும் செலவைப் போல் இரண்டு மடங்கை, நூறும் ஐந்நூறுமாக எடுத்துப் போக வேண்டும். கூடுதல் நான்கு இரவுக்கு, அவர்கள் வாங்கும் 4,500 வீதம் 18,000 தர வேண்டும் என்று நான் கணக்குச் சொன்னபோது அம்மா கையை உதறிவிட்டார். "காத்து அடிச்சதுக்கு நீங்கள் என்ன செய்யிறது பிள்ளை? காசைப் பையிக்குள்ள வையுங்கோ" என்றார். இந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு வந்துவிடுவது எளிது. வந்துவிட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நான் மேலும் வாதாடவில்லை. திங்கட்கிழமை இரவு காற்று தணிந்து, செவ்வாய்க்கிழமை முதல் படகில் நனைந்து குளிர்ந்து கரையேறி, யாழ்ப்பாணத்தில் வங்கி இயந்திரத்தில் பணம் எடுத்து, மகனின் கையில் 20,000 ரூபாயைக் கொடுத்தேன். அவன் தயங்கினான், மாட்டுக்குத் தீவனம் வாங்க என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டான்.

அடுத்த முறைக்கு இடைத்தரகர் தேவையில்லை. அவர்களுடைய எண் என்னிடம் இருக்கிறது. தை கழியட்டும் என்று சென்ற வாரம் கதைத்தபோது ஐயா சொன்னார். "மாசி பங்குனியில வாங்கோ, கடல் குளம் மாதிரிக் கிடக்கும்." எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை. தொலைபேசியை வாங்கிய அம்மாவிடம் என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டேன். பின்னால் பாட்டி ஏதோ உரக்கச் சொல்வது கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டே, கிணற்றுக்கு ஒரு நல்ல கயிறு கொண்டு வரட்டாம் என்றார்.